படகைக் கரைசேர விடாத அக்கா

வாசிக்காத புத்தகத்தைப் பற்றி நான் முதன்முதலாக விமர்சனம் செய்தது டெனிஷ் மொழி வகுப்பில். அதன் பிறகு இந்தப் பத்திரிகையிலேயே பல தடவை செய்திருக்கிறேன். ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டது அந்த ஒருமுறைதான். காரணம் பிப்லியோதேக் அக்கா. டென்மார்க்கின் எழுத்தாளர்கள் அத்தனை பேரையும் தனியொருவராகத் திருத்திய ஒரே பெண்மணி அவர்தான் என்று அடித்துச் சொல்வேன்.

எண்பதுகளின் கடைசி. டென்மார்க்கில் புரொண்பி என்ற ஊரில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ்ச் சலவை அறைதான் தமிழ்ப் பெண்களாகிய எங்களுக்குச் சபை. மெஷின் ஓடி முடியும்வரை வேறு வேலை கிடையாது. அக்கா தன் முறை இல்லாத நாட்களிலும் ஒற்றைத் துவாயைத் தோய்க்கவென்று வருவார். மற்றக் கையில் நூலகப் புத்தகம் இருக்கும். நூலகத்துக்கு இங்கே பிப்லியோதேக் என்று பெயர். எங்களில் முதலில் அதற்குள் நுழைந்தவர் அவர் என்பதால் அது அவர்மேல் ஒட்டிக்கொண்டது. ஓடாத மெஷின் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, டெனிஷைப் பார்த்துத் தமிழில் வாசிப்பார்.

வாசிப்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. கதாநாயகி மழையில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், அக்கா அவளுக்குத் தலை துவட்டி, இடியப்பமும் சொதியும் கொடுத்த பிறகுதான் அடுத்த பந்திக்குப் போவார். முற்காலத்தில் டென்மார்க்கில் இடியப்பம் இருந்திருக்கும் என்று நம்பும் அளவுக்கு நான் நாட்டுக்குப் புதியவள்.

அந்தக் குளிர்காலம் அவர் கொண்டுவந்தது, ஜேர்மன்காரர் டென்மார்க்கைப் பிடித்துவைத்திருந்த காலத்து நாவல். கறுப்புத் திரை போட்ட ஜன்னல்கள், கூப்பனுக்குக் கோப்பி, ஒரு குசினிக்குள் அடுப்போரம் கூடிப் புத்தகம் வாசிக்கும் நான்கு சிநேகிதிகள். அவர்களில் ஒருத்தி தன் இரண்டு பிள்ளைகளையும் மீன்பிடிப் படகில் சுவீடனுக்கு அனுப்பிவிட்டு, அவர்களைத் திரும்பக் கொண்டுவரும் படகுக்காகத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். இதில் எதையும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறிப்பாக எங்களில் ஒருவரான புஷ்பத்துக்கு. அவருடைய இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் தங்கையோடு இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்தாகிவிட்டது. இப்படியான விண்ணப்பங்களை அமைச்சர் ஒருவர் வேண்டுமென்றே கிடப்பில் போட்டதால், பின்னாளில் ‘தமிழ் வழக்கு’ என்று பெயரெடுத்து ஓர் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பிய விவகாரம் அது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கோப்பு கிடக்கிறது, அசையவில்லை என்பது மட்டும். அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. புஷ்பம் வானொலிச் செய்தி கேட்பதையே விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, சலவைக்கு வந்ததும் கதையில் வரும் பிள்ளைகளைப் பற்றி அக்காவைக் கேட்பார்.

“அக்கா, அதுகள் வந்திட்டுதுகளோ?”

“இன்னும் இல்லையடி. காத்துச் சரியில்லையாம்.”

இந்தச் சமயத்தில்தான் மொழி வகுப்பில் ஒரு டெனிஷ் நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அக்கா வாசித்த நாவலில், ஜேர்மன் சிப்பாய்க்கு உறைப்பான மீன்குழம்பு கொடுத்து மாமியார் ஓடவைத்த கட்டத்தை நான் உணர்ச்சி பொங்க விவரித்தேன். ஆசிரியை மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த நாவல் அவருக்கு மிகவும் பிடித்ததாம். அதில் மாமியாரும் இல்லை, குழம்பும் இல்லை. போதாததற்கு முடிவையும் சொன்னார்: படகு திரும்பி வருகிறது, பிள்ளைகள் அதில் இல்லை.

நேரே அக்காவிடம் போனேன். குழம்பைப் பற்றிக் கேட்டதற்கு அவர் கொஞ்சமும் அசையவில்லை. இருநூறு பக்கத்தில் ஒருத்தருக்கும் வயிறாரச் சாப்பாடில்லை, எழுதினவன் மறந்துவிட்டான் என்பதற்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுவதா என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டார்.

“அது போகட்டும். கடைசியிலை பிள்ளையள் வராதுகளாமே. ரீச்சர் சொன்னா.”

“அவவுக்கென்ன தெரியும். புத்தகம் என்ரை கையிலை கிடக்கு.”

“அப்ப இண்டைக்கே கரைக்குக் கொண்டுவந்து விடுங்கோவன்.”

அக்கா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்தார். “இதுகள் வந்து, புஷ்பத்தின்ரை வராட்டில்? அவள் தாங்குவாளோ?” என்றார். பிறகு, “புஷ்பத்துக்கு முன்னாலை வாய் திறந்தியெண்டால், உன்ரை வெள்ளை உடுப்பு முழுக்கச் சிவப்புச் சீலையோடை சேர்த்துப் போட்டுவிடுவன், கண்டியோ.”

ஆக, படகு மூழ்கவுமில்லை, கரைசேரவுமில்லை. நங்கூரம் சிக்கியது. படகோட்டிக்கு அம்மை போட்டது. அவருடைய மகளுக்குத் திடீரென்று கலியாணம் வந்தது. கரையில் நான்கு சிநேகிதிகளும் வாசித்தார்கள், கோபித்தார்கள், கூடினார்கள்; எது அவர்களுடைய சண்டை, எது எங்களுடையது என்றே குழம்பிவிட்டது. நாவலைக் கேட்டு வேறு யாரோ பதிந்துவைத்ததால் நூலகம் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அக்கா அடுத்த வாரமே மாப் பிசைந்து பாண் சுடும் முறை பற்றிய புத்தகமொன்றுக்குப் பத்திரிகைத்தாளில் உறை போட்டு, அதை விரித்துவைத்து அதே கதையைத் தொடர்ந்தார். இடையிடையே பக்கம் புரட்டவும் மறக்கவில்லை.

அடுத்த குளிரும் போன பிறகு கோப்பு அசைந்தது. பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சின்னவன் புஷ்பத்தைப் பார்த்து “அன்ரி” என்று கூப்பிட்டான். புஷ்பம் அதற்கும் “ஓம் ராசா” என்றார்.

அந்த வாரம் சலவை அறைக்குக் குட்டிக் காற்சட்டைகள் வந்தன. அக்கா மெஷின் மேல் ஏறினார். புஷ்பத்தின் மெஷின் தண்ணீர் எடுத்து முடிவதற்குள் படகைக் கரையில் சேர்த்துவிட்டார். பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். தாய் இருவருக்கும் சோறு குழைத்து ஊட்டினாள். ஓரிடத்தில் அக்கா புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். எழுத்துப் பொடியாயிருக்கு என்றார். நாங்களெல்லாம் தோய்த்துக் காயவைத்த துணிகளிலேயே மூக்கைத் துடைத்தோம். எத்தனையோ மகத்தான நாவல்களின் முடிவுகள் எனக்கு மறந்துவிட்டன. இது மட்டும் மறக்கவில்லை.

கூடையைத் தூக்கிக்கொண்டு என்னோடு படியேறியபோது புஷ்பம் சொன்னார்:

“கதை நல்லம்தான். ஆனால் அக்கா அதைச் சரியாய் நீட்டி இழுத்துப்போட்டா, என்ன?”