அண்ணன் வண்டிக்கு நான் பார்த்த வைத்தியம்

வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரை நம்பி வண்டியைக் கொடுக்கலாம். பயத்தில் தொடமாட்டார். எல்லாம் தெரிந்தவரிடமும் கொடுக்கலாம். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும் பெண்ணிடம் மட்டும் கொடுக்கவே கூடாது. இதை என் அண்ணனிடம் அப்போது யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணே நான்தான் என்பதால் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். கோவளம் குப்பத்தை விட்டுச் சேலையூர்ப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். என் அண்ணன் முருகேசன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒருநாள் படகைக் கரையேற்றும்போது அது நழுவி அவருடைய இடது காலில் ஏறிவிட்டது. கால் பிழைத்தது, வலு போய்விட்டது. அதன்பிறகு கோவளத்தில் மீன் எடுத்து வருவது அண்ணனின் வேலை, தாம்பரம் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பது தேவகி அண்ணியின் வேலை என்று ஆயிற்று.

இதில் ஒரு சிக்கல். இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாது. அதனால் தினமும் யாராவது ஒரு லோடு ஆட்டோக்காரர் எழுந்து, பல் துலக்கி, மனமும் வந்து கிளம்பும்வரை அண்ணன் காத்திருக்க வேண்டும். கடலில் தானே படகு ஓட்டிய மனிதர், ஐஸ் பெட்டிகளோடு சேர்ந்து பின்னால் உட்கார்ந்து வருவார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். பேசாததிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்போதுதான் அந்த பிக்கப் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் விட்டுவிட்டுப் போனது. பல கை மாறி, பெயின்ட் உரிந்து, துரு பிடித்து ஒரு ஷெட்டில் கிடந்தது. பார்க்கப் போன அண்ணன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கீழே குனிந்து தேடியிருக்கிறார்.

"கிளச்சு எங்கபா?"

"இதுல கிளச்சே கிடையாதுங்க. ஆட்டோமேட்டிக். அதனாலதான் எவனும் வாங்க மாட்றான்."

அண்ணன் அங்கேயே முடிவு பண்ணிவிட்டார்.

வீட்டு வாசலுக்கு அவர் அதை ஓட்டிவந்த காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. வேலையில்லாத இடது காலை மடித்து, சாப்பிட உட்காருகிற மாதிரி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ஓட்டிவந்தார். லீவர் பக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளுக்கு அன்றே பெயர் வைத்துவிட்டார். P என்றால் 'படு'. R என்றால் 'ரிட்டன்'. N என்றால் 'நில்லு'. D என்றால் 'டுர்ரு'. (எங்கள் புரொபசர் இதே விஷயத்தை ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தினார். அண்ணன் அளவுக்குத் தெளிவாக நடத்தவில்லை.)

கொஞ்ச காலம் வண்டி ராஜா மாதிரி ஓடியது. கோவளம், கேளம்பாக்கம், வண்டலூர், தாம்பரம். அண்ணன் இஷ்டத்துக்குக் கிளம்பினார், இஷ்டத்துக்கு வந்தார். வீட்டுக்குள் பாட்டு முணுமுணுக்கவும் ஆரம்பித்தார்.

பிறகு புரட்டாசி வந்தது. தாம்பரத்தில் பாதிப் பேர் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காத மாதம். வியாபாரம் படுத்தபோது அண்ணன் என்னிடம் வந்தார்.

"பாப்பா, வண்டி ஒரு மாதிரியா கீது. டுர்ரு போட்டா ஒடனே நவுர மாட்டேங்குது. யோசிச்சிகினு நிக்குது. அப்பறம் 'டொம்'முனு இழுக்குது. தாஸ் மெக்கானிக்கு தொடவே மாட்டேன்றான். கிளச்சு இல்லாத வண்டி பேஜாருன்றான். நீ இத்தத்தானே படிக்கற?"

இத்தத்தான் படித்தேன். காகிதத்தில். ஆட்டோமேட்டிக் கியர்பாக்சின் பல்சக்கர விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டுவேன். நேரில் பார்த்தது, கல்லூரி லேபில் குறுக்கே வெட்டி, சிவப்பு நீலம் மஞ்சள் என்று வர்ணம் பூசி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த ஒன்றை. அதற்குள் எண்ணெய் என்ற ஒன்று இருந்ததே இல்லை.

"விடு அண்ணா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அந்தத் தோரணையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அண்ணனுக்கு அவசரம் இருந்தது. ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு மீன் போடும் ஆர்டர் பேசி வைத்திருந்தார். புரட்டாசி முடிந்த மறுநாளே ஆரம்பம். காலையில் நேரத்துக்கு மீன் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கான்ட்ராக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த வருடம் ஆயுத பூஜை புரட்டாசியின் கடைசியில் வந்தது. பூஜைக்கு முதல் நாள் நான் வைத்தியத்தை ஆரம்பித்தேன்.

முதலில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். வண்டி அமைதியாக, இன்ஜின் அணைந்து நின்றது. (தூங்குகிறவரைத் தொந்தரவு செய்யாமல் நாடி பிடிக்கும் மருத்துவராக என்னை நினைத்துக்கொண்டேன்.) எண்ணெய், கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. போதாக்குறைக்குக் கறுத்து, கருகிய வடை வாசனை அடித்தது. எனக்கு ஒரே பூரிப்பு. எண்ணெய் அதிகமானால் நுரைக்கும், நுரைத்தால் கியர் விழத் தாமதமாகும். புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. நோயைக் கண்டுபிடித்துவிட்டேன்.

எண்ணெய் முழுவதையும் இறக்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் தெருவில் எல்லாமே மண்ணெண்ணெயில் குளிக்கும். சைக்கிள் செயின், தாஸின் ஸ்பேனர்கள், அண்ணியின் அரிவாள்மணை. வெளியே மட்டும் கழுவினால் போதுமா, உள்ளே அழுக்கு இருக்காதா என்று யோசித்தேன். அண்ணி ஸ்டவ்வுக்கு வைத்திருந்த ரேஷன் மண்ணெண்ணெயைக் கியர்பாக்சுக்குள் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, படு, ரிட்டன், நில்லு, டுர்ரு என்று எல்லாவற்றுக்கும் லீவரைத் தள்ளி நன்றாக அலசினேன். பிறகு திறந்துவிட்டேன். தார் மாதிரிக் கொட்டியது.

"அண்ணி, பாருங்க. எவ்வளவு அழுக்கு."

அண்ணி எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ஐய, பாவம். இவ்ளோத்தயும் வயித்துல வச்சிகினா ஓடிகினு இருந்துச்சு?"

ஆமாம், அதை வைத்துக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன கியர்பாக்சுக்குள் மிச்சமிருந்த பிடிப்பைத்தான் நான் கழுவி ஊற்றினேன் என்பது பின்னால்தான் புரிந்தது.

குரோம்பேட்டை ஜிஎஸ்டி ரோடு கடையில் வாங்கிய புது எண்ணெயை, இன்ஜினை அணைத்துவிட்டு, கம்பியில் கோடு வரை கனகச்சிதமாக ஊற்றினேன். டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம். அதைச் சிக்கனமாக மூடி அலமாரியில் வைத்தேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா பாப்பா?" என்றார் அண்ணன்.

"சர்வீஸ் பண்ண வண்டி. நாளைக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தித்தான் முதல்ல எடுக்கணும்" என்றேன். கடவுள் பக்தி எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. சரியாக அந்த ஒருநாள் வந்தது.

மறுநாள் வண்டிக்கு மாலை, வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். மூக்கு தெருவைப் பார்க்க நின்றது. பின்பக்கம், வாசற்படியோரம், அண்ணி தன் தராசையும் அரிவாள்மணையையும் பலகையில் வைத்துப் பொட்டு இட்டிருந்தார். தெருவே கூடியிருந்தது. பூசணிக்காய் உடைந்தது. முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம். அண்ணன் காலை மடித்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, லீவரை டுர்ருக்குத் தள்ளினார்.

வண்டி யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது.

"இன்னும் ரைஸ் பண்ணு அண்ணா" என்றேன். இன்ஜின் அலறியது. எலுமிச்சம்பழங்கள் ஏதும் அறியாமல் மஞ்சளாக இருந்தன. மறுபடி ரைஸ் பண்ணச் சொன்னேன். மறுபடியும். கருகிய வாடை சாம்பிராணியையும் தாண்டி வந்தது.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?" என்றார் தாஸ். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு யாரோ விளக்கினார்கள்.

"இன்னா இஞ்ஜினீரு, சாமி கோச்சிக்கிச்சா?" என்றார் அண்ணி.

"ஒருதரம் ரிவர்ஸ் போட்டுட்டு, அப்புறம் டி போடு அண்ணா. உள்ள சிக்கியிருந்தா விட்டுடும்" என்றேன். எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது.

அண்ணன் ரிட்டன் போட்டார். இதில் வண்டிக்கு யோசனையே இல்லை. ஒரே பாய்ச்சல். பலகை, அரிவாள்மணை, தராசு எல்லாவற்றின் மேலும் ஏறி, வாசற்படியில் மோதி நின்றது. தராசுத் தட்டு அப்பளமாகிவிட்டது. தெரு முழுக்கச் சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்காமல் முன்னால் போய், நசுங்காத எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்து பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்.

"அது போற பக்கம் நாம வப்போம்" என்றார்.

மதியம் எல்லாரும் போன பிறகு கம்பியை மறுபடி உருவினேன். கையெல்லாம் சந்தனம் வழுக்கியதால் துணியால் கைப்பிடி வரை துடைத்தேன். அப்போதுதான் கைப்பிடியில் பொறித்திருந்த ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. இன்ஜினை ஓடவிட்டு, சூடான பிறகு, லீவரை P-யில் வைத்து அளவு பார்க்கவும். இன்ஜின் அணைந்திருந்தால் எண்ணெய் எல்லாம் கீழே இறங்கித் தேங்கி, அதிகமாக இருப்பதுபோல் காட்டும். ஓடவிட்டுப் பார்த்தேன். கம்பியில் எண்ணெயே ஒட்டவில்லை.

அதாவது, வண்டிக்கு முதலிலேயே எண்ணெய் குறைவு. அண்ணன் சொன்ன தாமதம் அதனால்தான். கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருந்தால் போதும். நான் அதிகம் என்று இறக்கினேன். தேவையான எண்ணெய் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

ஓடிப்போய் எடுத்துவந்து ஊற்றினேன். டுர்ரு போட்டதும் வண்டி பக்கத்து வீட்டு கேட் வரை போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே நின்றது. காலையில் அத்தனை முறை அலறவிட்டதில், முன்னால் இழுக்கும் பிடிப்பு மொத்தமும் கருகிப்போயிருந்தது. அதன்பிறகு அது முன்னால் போகவே இல்லை.

கேன்டீனுக்கு முதல் நாள் மீன், பழைய லோடு ஆட்டோவில் போனது. டிரைவர் வழக்கம்போல் தாமதமாக எழுந்தார். மீன் போய்ச் சேர்ந்தபோது அங்கே அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிற்று. அண்ணன் மறுபடி ஐஸ் பெட்டிகளோடு பின்னால் உட்கார்ந்தார்.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வயசான வண்டி பாப்பா. என்னிக்கினாலும் நிக்கத்தான் போவுது" என்றார். திட்டியிருக்கலாம். இத்தனை வருடத்தில் நான் அதை மறந்தும் இருப்பேன்.

பழைய இரும்புக்காரர் வந்த அன்று, மெயின் ரோட்டில் நின்ற லாரி வரை வண்டியை யார் கொண்டுபோவது என்று கேள்வி வந்தது. தள்ளிக்கொண்டு போகலாம் என்றார்கள். அண்ணன் யாரையும் தொடவிடவில்லை. இடது காலை மடித்து உட்கார்ந்து, ரிட்டன் போட்டு, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, தெருமுனை வரை தானே ஓட்டிப் போனார். முகம் எங்களைப் பார்த்து இல்லை. வண்டியின் முகம் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டே சின்னதாகிப் போனது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

சிரிப்பெல்லாம் பின்னால் வந்தது. இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தால், "டுர்ரு போட்டாச்சு, இன்னும் நவுரல" என்பார்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் வண்டிக்கு மட்டும் அண்ணி நான்கு எலுமிச்சம்பழம் வைப்பார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. "இஞ்ஜினீரு வண்டி. எந்தப் பக்கம் போவும்னு சாமிக்கே தெரியாது." (நான் இப்போது உதிரி பாகங்களுக்குப் படம் வரையும் வேலையில் இருக்கிறேன். வண்டியைத் தொடவேண்டியதில்லை. எல்லாருக்கும் நல்லது.)

போன வருடம் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். சாவியை அண்ணனிடம் நீட்டி, நீயே வைத்துக்கொள் என்றேன். "இப்ப இன்னாத்துக்கு பாப்பா? கண்ணு சரியாத் தெரியல" என்றார். எலுமிச்சம்பழத்து மேல் ஏற்றவாவது ஏறு என்று கெஞ்சியதும் உட்கார்ந்தார். இடது கால் தானாக மடிந்து சீட்டின் மேல் ஏறியது. அண்ணி நான்கு பழங்களையும் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அண்ணன் லீவரை D-க்குத் தள்ளினார். கார் அந்தக் கணமே நகர்ந்து முன்னால் இருந்த பழங்களை நசுக்கியது. உடனே பிரேக்கை மிதித்து நிறுத்தி, லீவரைப் 'படு'வுக்குத் தள்ளினார்.

"ஒடனே நவுருதே பாப்பா" என்றார். பிறகு காலை இறக்கி, சாவியை என் கையில் கொடுத்தார்.