சாம்பலில் நீலம் கண்டவர்

சாம்பல் நிறத்தின் மேல் அத்தனை கோபம் கொண்ட மனிதர் ராஜபாளையத்திலும் கிடையாது, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் ஒருவர் இருந்தார். அவர்தான் மூணுசமம்.

நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் பிளெக்ஸ் கடையில் அவர்தான் மூத்த டிசைனர். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கோபத்தோடு வருவார். குறையாமல் அதைத் திரும்ப எடுத்துப் போவார். கம்ப்யூட்டரில் எந்த நிறத்தைத் தொட்டாலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வரும். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் சுத்தமான சாம்பல். ஒன்று ஏறினாலும் அதன் சாயம் எட்டிப் பார்க்கும். நாங்கள் எண்ணைப் பார்க்காமல் கண்ணை நம்பிச் சாம்பலைத் தொடுவோம். பின்னாலிருந்து ஸ்கேல் வந்து மவுஸ் பிடித்த கையில் விழும்.

"ஏலே, இது சாம்பலா? கத்திரிக்காய்க்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு. எண்ணப் பாருலே! மூணும் சமமா இருக்கணும்!"

பேர் அப்படித்தான் வந்தது. எனக்குக் கூச்ச சுபாவம், பதில் பேச வராது. மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே எண்ணைத் திருத்துவேன்.

கடைக்கு வெளியேயும் விடமாட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பேண்ட்டைப் பார்த்து, "பச்ச அடிக்குது, ஒம்ம ஏமாத்திப்புட்டான்" என்பார். மச்சினனின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனவர், "சாம்பல்னு சொல்லி ரோஸ அப்பியிருக்கியேடா" என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினார். இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

கோபத்தில் அவருக்குச் சரிசமம் எங்கள் முதலாளி. பக்தி அதைவிட அதிகம். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் மானிட்டரின் ஓரத்தில் பொட்டு வைப்பார்கள். இவர் திரை முழுக்கச் சந்தனம் பூசுவார். காய்ந்து உதிர்ந்தது போக மிச்சத்தை யாரும் தொடக்கூடாது. "சாமிக்கு வச்சதத் தொடச்சா வெளங்குமா?"

ஒரு வருடம் பூஜை முடிந்த வாரத்தில் மூணுசமம் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா ஒருவர், இறந்துபோன கணவரின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தார். போலீசில் இருந்தவர், நரைத்த முறுக்கு மீசை. மறுநாள் மதியம் படத்திறப்பு. முதலாளியே உட்கார்ந்தார். திரையில் மீசை மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சள் போகும்வரை நீலத்தை ஏற்றினார்.

காலையில் அந்த அம்மா படத்தோடு வந்து நின்றார்.

"ஏய்யா, எங்க வீட்டுக்காரவுக மீசையில சொட்டு நீலமா விட்டிய? சொந்தக்காரவுக முன்னாடி இத எப்படித் தெறந்து காட்டுவேன்?"

"கம்ப்யூட்டர்ல நல்லாத்தாம்மா இருக்கு! வந்து பாரும்மா!" முதலாளி அவரைவிடச் சத்தமாகக் கத்தினார்.

அந்த நேரம் பார்த்து மூணுசமம் தலையில் மப்ளரோடு உள்ளே வந்தார். மீசையில் மவுஸை வைத்து எண்ணைப் பார்த்தார். நீலம் எங்கேயோ உச்சியில் நின்றது. திரையை விரலால் தேய்த்தார். விரல் மஞ்சளானது. முகர்ந்துவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

"சந்தனத்துக்குள்ள கூடி எட்டிப் பாத்தாடா கலரு போடுவ, கூறுகெட்டவனே!"

மப்ளரைக் கழற்றித் திரையை அழுத்தித் துடைத்தார். முதலாளி பாய்ந்து வந்தார்.

"சாமி சந்தனத்துலயா கை வச்ச? இனிமே என் கடப் படி ஏறாத!"

"போறேன்யா. செத்த நேரம் பொறு. மொதல்ல அந்த மனுசனுக்கு மீச நரைக்கட்டும்."

மீசையில் மூன்று எண்ணும் சமமாகும்வரை படத்தின் நீலத்தை இறக்கினார். முகமும் தன் நிறத்துக்குத் திரும்பியது. புதுப்படத்தைக் கையில் வாங்கிய அந்த அம்மா, "இப்பத்தான் அவுக" என்றார். மூணுசமம் மப்ளரை உதறிக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

முதலாளி மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இந்த வருடமும் திரைக்குச் சந்தனம்தான். அவர் வீட்டுக்குப் போனதும் நான் துடைத்துவிடுகிறேன்.

மூணுசமம் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு இருக்கிறார். அவர் டீ குடிக்கும் கடைக்கு எதிரே எங்கள் பேனர்தான் தொங்கும். ஒருநாள் போன் வந்தது.

"ஏலே, அந்தச் சாம்பல்ல நீலம் ஏறிக் கெடக்கு. கண்ணு அவிஞ்சா போச்சு? ஒன்னையெல்லாம் எவன்லே வேலைக்கு வச்சான்?"

வெகுநேரம் திட்டினார். நான் "சரிங்கண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு எந்தச் சாம்பலிலும் நான் எண்ணைத் தவறவிட்டதில்லை. அவர் டீக்கடைக்கு எதிரே போகும் பேனரில் மட்டும், வேறு யார் கண்ணுக்கும் தெரியாதபடி நீலத்தைக் கொஞ்சம் ஏற்றி அனுப்புகிறேன். சாயங்காலத்துக்குள் போன் வந்துவிடுகிறது.