நாலு பக்க ராஜினாமா

ராஜினாமா செய்யப்போவதாகத் திங்கட்கிழமை காலை அப்பா அறிவித்தார். பல் தேய்த்துக்கொண்டே அறிவித்ததால் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி அறிவித்தார்.

"அவன் யார் என்னை அனுப்புறதுக்கு? நான் அனுப்புறேன் அவனை!"

அவன் என்றால் அட்டைப்பெட்டி கம்பெனி. அப்பா அங்கே பத்தொன்பது வருஷமாக டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். இப்போது எவரும் எதையும் வாங்குவதில்லை. சாமானே விற்காதபோது பெட்டி எதற்கு? முதலில் ஓவர்டைம் போனது. அப்புறம் சம்பளத்தில் முப்பது சதவீதம் போனது. போன சனிக்கிழமை நாற்பது பேர் கையில் ஆளுக்கொரு அச்சடித்த தாளைத் திணித்தார்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போட்டால் ஒரு மாதச் சம்பளம். போடாவிட்டால்? "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாராம் மேனேஜர்.

துரத்துவது அவன். விருப்பம் மட்டும் நம்முடையதாம். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அப்பாவின் கோபம் கம்பெனி வாசலைத் தாண்டி, பஸ் ஏறி, நேரே எங்கள் சமையலறைக்கு வந்து அம்மா முன்னால் நின்றது. அம்மா அரசு அலுவலகத்தில் கிளார்க்.

"நாடே கவுந்து கிடக்கு. உங்களுக்கு மட்டும் ஒண்ணாந்தேதி முழுச் சம்பளம்! உங்க ஆபீஸ்ல யாரையாவது வீட்டுக்கு அனுப்பினாங்களா?"

"இல்லைங்க."

"ஏன்? நீங்க மட்டும் வானத்துலேர்ந்து குதிச்சீங்களா?"

"பரீட்சை எழுதிட்டுக் குதிச்சோம்."

"என் வரிப்பணம்டீ அது!"

"போன வருஷம் வரைக்கும் என் சம்பளத்தை பஸ் காசுன்னு சொன்னீங்க. இப்ப அந்த பஸ்லதான் மூணு பேரும் போயிட்டிருக்கோம்."

பதில் வராதபோது அப்பா குரலை உயர்த்துவார். "இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்!"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அம்மா 'போடாதீங்க' என்றால் அப்பா அடுத்த நிமிஷமே போட்டுவிடுவார். குடை எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் நனைந்துகொண்டு வருகிற ஆள். அம்மாவுக்கு இது தெரியாதா?

"தாராளமா போடுங்க" என்றாள்.

அப்பா ஏமாந்துபோனார். சண்டை போட ஆள் இல்லையே!

"சும்மா போட மாட்டேன். கூடவே ஒரு கடிதம் கொடுப்பேன். நாலு பக்கம். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்பேன்."

"கேளுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கிட்ட காட்டுங்க. முறைப்படி இல்லைன்னா சிரிச்சுடுவாங்க."

அங்கே மாட்டினார்.

அன்றைக்கு ராத்திரிக்குள் நாலு பக்கம் தயார். 'துரோகிகளே' என்று ஆரம்பித்தது. அம்மா பொறுமையாகப் படித்தாள். கம்பெனி கொடுத்த தாளைப் பின்னால் சேர்த்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, நூல் கோர்த்துக் கட்டினாள். "இது இணைப்பு" என்றாள். பிறகு, "பொருள்னு ஒரு வரி இல்லையே. எதைப் பத்தின கடிதம்னு மேலாளருக்கு எப்படித் தெரியும்? நாளைக்குச் சேர்த்துட்டு வாங்க."

"நாளைக்கா? பக்கத்து ரூம்லேர்ந்து வர்றேன்டீ!"

"ஆபீஸ் நேரம் முடிஞ்சுதுங்க."

எனக்கும் எரிச்சல்தான். பள்ளிக்கூடத்தை விட்டபோது ஒரே ஒரு சான்றிதழுக்காக அம்மாவின் ஆபீஸ் மாதிரி ஒரு இடத்துக்கு ஆறு தடவை அலைந்தவள் நான். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறையும். அந்தக் கவுன்டர் இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பொருள் இருந்தது. ஆனால் கம்பெனித் தாளின் எண்ணையும் தேதியையும் கடிதத்தில் குறிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எண் இல்லை, தேதி இல்லை, கொடுத்தவர் கையெழுத்துகூட இல்லை.

"நம்பர் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள் அம்மா.

அப்பா கேட்டார். "இதுக்கெல்லாம் நம்பர் கிடையாது, போய்யா" என்றார் மேனேஜர்.

வீட்டுக்கு வந்த அப்பாவின் முகம் சிவந்திருந்தது. முதல் தடவையாகக் குரல் உயரவில்லை. "பத்தொன்பது வருஷம். நான் அனுப்பின ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டிருக்கேன். மனுஷனை அனுப்பற பேப்பருக்கு நம்பர் இல்லையாம்."

அம்மா, "அதையும் கடிதத்துல சேர்த்துடுங்க" என்றாள் மெதுவாக.

புதன்கிழமை, வேலையில் சேர்ந்தபோது கொடுத்த நியமன உத்தரவின் நகல் வேண்டும் என்றாள். அப்பா பரண்மேல் ஏறி, இரண்டு மணி நேரம் தும்மி, கொண்டுவந்து போட்டார். அம்மா மூன்றாம் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மூடினாள். நான் பிடுங்கிப் படித்தேன். கம்பெனியே அனுப்பினால் மூன்று மாதச் சம்பளம், அதோடு வேலை பார்த்த வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம். தானாக விலகினால் ஒன்றுமில்லை.

"அம்மா! அப்பாகிட்ட சொல்லேன்!"

"சொன்னா, பணத்துக்காக மானத்தை விடுவேனான்னு இப்பவே போட்டுடுவார். வாயை மூடிட்டு இரு."

வியாழக்கிழமை, நாலு பக்கம் எந்த மேனேஜரும் படிக்க மாட்டார், ஒரே பக்கமாகச் சுருக்க வேண்டும் என்றாள். "நீயே சுருக்கித் தொலை!" என்று அப்பா டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தேன்.

"இதை அப்பா படிச்சா?"

"அஞ்சாவது தடவை வர்றவங்க யாரும் எதையும் படிக்க மாட்டாங்க. காட்டுற இடத்துல போட்டுட்டு ஓடிடுவாங்க. இருபது வருஷமா பார்க்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா வந்தார். "எங்க போடணும்?"

"இங்கங்க."

போட்டார். "அந்தத் தாள்ல?"

"இணைப்புல கையெழுத்துப் போடக்கூடாதுங்க. விதி."

அப்படி ஒரு விதி இல்லவே இல்லை. பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மீதியை அப்பாவோடு வேலை பார்க்கும் மெஷின் ஆபரேட்டர் ஒருவர் சொன்னார். அப்பா சும்மா கொடுக்கவில்லையாம். பேக்கிங் செக்‌ஷனில் எல்லோரையும் கூட்டி, கட்டுக்கட்டாக அட்டை அடுக்கியிருந்த மேடைமேல் ஏறி நின்று, மேனேஜர் எதிரிலேயே இடிமாதிரி வாசித்தாராம். "கொடுக்கப்பட்ட தாளில் எண் இல்லை! தேதி இல்லை!" கூட்டம், "ஆமா!" என்றது. "கொடுத்தவர் கையெழுத்தும் இல்லை!" "ஆமா!" "எனவே... எனக்கு விலகும் விருப்பம்... எதுவும் இல்லை என்பதை..." இங்கே இடி நின்றுவிட்டதாம். அப்பா தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாராம். கூட்டம் அதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டது. வேறு வழி? "...பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அனுப்புவதானால் காரணத்தை எழுத்தில் தரவும். நியமன உத்தரவின் மூன்றாம் பக்கப்படி தர வேண்டியதையும் தரவும்."

"மூன்றாம் பக்கமா?" என்றது கூட்டம். முப்பது பேர் அங்கேயே தாளைக் கிழித்தார்கள். அன்றைக்கு யாரையும் அனுப்பவில்லை. முன்னாலேயே கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரைத் தவிர.

சாயந்திரம் அப்பா செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"நான் எழுதினது நாலு பக்க ராஜினாமா. அங்க போய்ப் படிச்சது, வேலையை விட மாட்டேன்னு ஒரு பக்கம்!"

"அப்படியா? சுருக்கும்போது போயிருக்கும்ங்க."

கால் மணி நேரம் முறைத்தார். பிறகு போனை எடுத்து, ஊரிலிருக்கும் சித்தப்பாவிடம், "ஒரு கடிதம் எழுதினேன் பாரு, கம்பெனியே ஆடிப்போச்சு" என்று ஆரம்பித்தார். அம்மா மறுக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. மறுநாள் கதை சொல்ல வந்த மெஷின் ஆபரேட்டரிடம், எழுதியது யாரென்று போட்டு உடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஏழெட்டுப் பேர். எல்லோரும் கம்பெனி ஆட்கள், கையில் அவரவர் நியமன உத்தரவு. அப்பா சட்டை மாற்றி, தலை வாரி, சட்டைப்பையில் பேனா சொருகிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. கடிதம்தானே? உட்காருங்க, எழுதிடுவோம்."

மெஷின் ஆபரேட்டர் அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணி இல்லையாண்ணே?"