கண்டாக்கையா கறுத்த கதை

"சித்தப்பா, சட்டையோட படுத்தா சட்டைதான் கறுக்கும்" என்றாள் பிரேமினி.

கஜேந்திரன் மேல் பொத்தானைப் பிடித்தபடியே நின்றார். மனைவியின் அக்கா மகள் முன்னால் சட்டையைக் கழற்றுவதா என்பது முதல் கவலை. எதிரே வாயைப் பிளந்துகொண்டு கிடந்த அந்தச் சாமானுக்குள் படுப்பதா என்பது இரண்டாவது கவலை. ஆள் நீளத்துக்கு ஒரு கட்டில், அதற்கு மேல் ஒரு மூடி, இரண்டிலும் வரிசையாக நீல டியூப் லைட்டுகள்.

"உள்ள படுத்தா மேல மூடிருவியா?"

"மூடணும். அப்பத்தானே எல்லாப் பக்கமும் கறுக்கும்."

"உள்ள இருந்து தொறக்க முடியுமா?"

"கையால தள்ளினாலே தொறக்கும் சித்தப்பா. பயப்படாதீங்க, நான் இங்கேயேதான் நிக்கிறேன்."

நுவரெலியா டவுனில் பிரேமினி வேலை பார்க்கும் அழகு நிலையத்துக்கு இந்தக் கட்டில் வந்து ஒரு வருஷம் ஆகிறது. மூடப்பட்ட ஒரு ஹோட்டலிலிருந்து முதலாளியம்மா வாங்கிப் போட்டது. வெயில் காயலாம் என்று ஆசைப்பட்டு விமானம் ஏறி வந்து, நுவரெலியாவின் பனிமூட்டத்தில் மாட்டிக்கொள்ளும் வெள்ளைக்காரர்கள், ஊர் திரும்புவதற்கு முன் இதில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை. அவர்கள் எல்லாரும் வெளுப்பதற்குத்தான் காசு கொடுத்தார்கள்.

"கறுக்கணும்னு நம்ம ஆளுங்கள்ல வந்த மொத ஆளு நீங்கதான்" என்றாள் பிரேமினி. "உண்மையைச் சொல்லுங்க, எதுக்கு?"

"உத்தியோக விசயம்" என்றார் கஜேந்திரன், கௌரவமாக.

உத்தியோக விஷயம் இதுதான். ராகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் வெளிக்கள உத்தியோகத்தர். அது சம்பளச் சீட்டில் மட்டும். தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் கண்டாக்கையா. தினமும் மலைக்குப் போய், கொழுந்து எடுப்பவர்கள் ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆனால் நாற்பது நாளாக மழை. மழை வந்தால் அட்டை வரும். அட்டையை நினைத்தாலே கஜேந்திரனுக்கு உடம்பு கூசும். ஆகவே குவாட்டர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மலை பார்க்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அழகன் கங்காணி மலையிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார். இவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் கொழுந்து நிக்குது, எடுக்கச் சொல்லு" என்று பதில் போடுவார். வேலையும் நடந்தது. அட்டையும் கடிக்கவில்லை.

தோட்டத்து மேனேஜராகப் புதிய பெரிய துரை வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

துரை களுத்துறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இன்னும் கழுத்திலிருந்து மப்ளரைக் கழற்றவில்லை. வியாழக்கிழமை கஜேந்திரனையும், தோட்டத்தின் இன்னொரு கண்டாக்கான திலக்ஷனையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"மேல்கணக்குக்கு ஒரு கண்டாக்கு வேணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும். திங்கக்கிழமை காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல சொல்றேன்."

"எப்படி முடிவு பண்ணுவீங்க சேர்?" என்று கேட்டார் கஜேந்திரன்.

"எனக்கு ரிப்போட் எல்லாம் வேணாம் மிஸ்டர் கஜேந்திரன். ஆளைப் பார்த்தாலே தெரியும். வெளியில நிண்டு வேலை செய்றவன் கறுத்திருப்பான். நிழல்ல உட்கார்ந்தவன் வெளுத்திருப்பான். இவ்வளவு நாள் உட்கார்ந்தவன் இனிமே மேல ஏறட்டும்."

மேல்கணக்கு என்பது தோட்டத்தின் உச்சிப் பிரிவு. அங்கே பஸ் இல்லை. குவாட்டர்ஸின் கூரை ஒழுகும். போன் சிக்னல் இல்லாததால் வாட்ஸ்அப்பும் இல்லை. இதையெல்லாம்கூட கஜேந்திரன் பொறுத்துக்கொள்வார். ஆனால் மகள் தனுஜா இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். மேல்கணக்கிலிருந்து ராகலைப் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால், பிள்ளை விடியுமுன்னே ஆறு கிலோமீட்டர் இறங்க வேண்டும். அந்தப் படிப்பு அதோடு போய்விடும் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

ஆகவே வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார். சட்டையும் கழன்றது. பனியனையும் இடுப்பில் கட்டிய சாரத்தையும் கழற்ற மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"கண்ணுக்கு இதைப் போடுங்க" என்று பிரேமினி இரண்டு சின்னக் கறுப்புக் கிண்ணங்களைக் கொடுத்தாள். "பத்தே நிமிசம். அசையாதீங்க."

மூடி இறங்கியது. உர்ரென்று ஒரு சத்தம். கண்ணை மூடியிருந்தும் நீலமாகத் தெரிந்தது. முதல் நிமிடம் பயமாக இருந்தது. மூன்றாவது நிமிடம் இதமாக இருந்தது. நாற்பது நாள் ஈரத்துக்குப் பிறகு எலும்பு வரைக்கும் சூடு ஏறியது. பேக்கரிப் போறணைக்குள் வேக வைத்த பாண் போலக் கிடந்து கஜேந்திரன் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்.

சனிக்கிழமை காலையில் கண்ணாடியைப் பார்த்தார். முகம் கறுத்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. பிறகு கண்களைப் பார்த்தார்.

"அப்பா, கண்ணாடி போட்டிருக்கீங்களா?" என்றாள் தனுஜா.

"இல்லையே."

"அப்ப என்ன ரெண்டு வெள்ளை வட்டம்?"

மனைவி வினோதா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள். பிறகு மடித்துக் கட்டிய சாரத்துக்குக் கீழே அவருடைய முழங்காலைப் பார்த்தாள். அடக்கிய சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"மூஞ்சிய மட்டும் கறுக்க வச்சு என்ன செய்ய? பெரட்டுக்கு எதைப் போட்டுட்டுப் போவீங்க?"

கஜேந்திரன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கண்டாக்குமாரின் உடுப்பு காக்கி அரைக்கால் சட்டையும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை இழுத்துவிட்ட மேஸ் என்ற நீளக் காலுறையும்தான். இரண்டுக்கும் நடுவே தெரிவது முழங்கால் ஒன்றே. சாரத்துக்குள் பத்திரமாகக் கிடந்த அந்த முழங்கால் இரண்டும் அவித்த கிழங்கு நிறத்தில் இருந்தன.

"நெத்தியும் பிழை" என்றாள் வினோதா. அவளுக்கு இப்போது ஆர்வம் வந்துவிட்டது. "மலைக்குப் போறவங்க தொப்பி போடுவாங்க. தொப்பிக்குக் கீழ தானே கறுக்கும்? ஒங்களுக்கு மண்டை வரைக்கும் கறுத்திருக்கு."

அன்று மத்தியானமே மறுபடியும் நுவரெலியா. இந்த முறை கஜேந்திரன் யோசித்து, முழு ஏற்பாட்டோடு போயிருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, மேஸ், தலையில் தொப்பி. அப்படியே போய்க் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

பிரேமினி மூடியைப் பிடித்தபடி அவரைத் தொப்பியிலிருந்து மேஸ் வரை பார்த்தாள்.

"சித்தப்பா, வேலைக்குப் போறீங்களா, படுக்கப் போறீங்களா?"

"அடையாளம் சரியா விழணும். நீ மூடு."

"நேத்துத்தான் படுத்தீங்க. உடனே படுக்கக் கூடாது. எரியும்."

"எரிஞ்சா எரியட்டும். அந்தக் கண்ணு மூடி மட்டும் வேணாம்."

"அது இல்லாம நான் சுவிச்சே போட மாட்டேன். கண்ணு போயிரும்."

கண் போனால் போட்டோவையும் பார்க்க முடியாதே என்று கஜேந்திரனுக்குத் தோன்றியது. வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவருடைய முகம் பல தட்டுகளாகப் பிரிந்திருந்தது. படுத்தவுடன் தொப்பி முன்னால் சரிந்து மூக்குவரை மறைத்துவிட்டது. ஆகவே நெற்றியும் மூக்கும் வெள்ளிக்கிழமைக் கறுப்பிலேயே நின்றன. வாயும் தாடையும் இரட்டைக் கறுப்பு. கண்ணைச் சுற்றி அதே இரண்டு வெள்ளை வட்டங்கள். முழங்கால்கள் பீட்ரூட் நிறம். அவற்றை மடக்கவும் முடியவில்லை. கஜேந்திரன் நாற்காலியில் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது" என்றார். "மேல்கணக்குத்தான். சாமான கட்டு."

"கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் வினோதா.

அவள் தோட்டத்து ஸ்டோரில் கொடுக்கும் தேயிலைத் தூளில் இரண்டு பிடி அள்ளிப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகும் வரை கொதிக்க வைத்தாள். ஆறியதும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். பஞ்சைத் தோய்த்து அவருடைய கண்ணைச் சுற்றி ஒற்றினாள். வெள்ளை வட்டம் மெல்ல மங்கியது.

"அம்மா, ரொம்ப கூடிருச்சு. இப்ப ரெண்டு நாள் தூங்காத ஆள் மாதிரி இருக்கு" என்றாள் தனுஜா.

"துடைச்சா திட்டுத் திட்டா நிக்குமே!"

"குடுங்க, நான் செய்றேன்." தனுஜாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் உண்டு. தூரிகையை எடுத்து வந்தாள். மூக்குக்கு ஒரு பூச்சு, கன்னத்துக்கு ஒரு பூச்சு, நெற்றியில் தொப்பிக் கோட்டுக்கு மேலே கோதுமை மாவைத் தொட்டு ஒரு பூச்சு. பிறகு முழங்காலுக்கு வந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சைக்குச் செய்வது போலவே செய்தாள்.

கஜேந்திரன் மகளின் முகத்தைக் குனிந்து பார்த்தார். நாற்பது நாளும் ஒழுங்காக மலைக்குப் போயிருந்தால் இந்தப் பிள்ளை தன் முழங்காலுக்குச் சாயம் பூச வேண்டியிருக்குமா என்று நினைத்து வெட்கப்பட்டார். அந்த வெட்கம், பூசிய சாயம் காயும் வரை இருந்தது.

"அசத்திட்டடி" என்றாள் வினோதா. "இப்பப் பாருங்க. மலையிலேயே பொறந்து வளர்ந்த மாதிரி இருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு, நாளைக்கு மழையில மட்டும் நனைஞ்சிராதீங்க."

திங்கட்கிழமை காலை பெரட்டுக்குக் கஜேந்திரன் இரண்டு குடைகளோடு போனார். ஒன்று மேலே. இன்னொன்றை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தார். முழங்கால் மடங்காததால் அணிவகுப்பில் போவது போல விறைப்பாக நடந்தார். தகரக் கொட்டகைக்குள் நுழைந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. ஒரு சொட்டு விழவில்லை.

இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, தலைக்கு மேலே பிளாஸ்டிக் சீட்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்வரிசையில் அம்மாக்கண்ணு. இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து எடுப்பவள், அதிகம் பேசமாட்டாள். எல்லாரும் கண்டாக்கையாவின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெரிய துரை மப்ளரோடு வந்தார்.

"மிஸ்டர் கஜேந்திரன், முன்னுக்கு வாங்க."

கஜேந்திரன் விறைப்பாக நடந்து போனார். துரை முகத்தைப் பார்த்தார். தொப்பியைத் தூக்கச் சொல்லி நெற்றியைப் பார்த்தார். குனிந்து முழங்காலைப் பார்த்தார். கஜேந்திரனின் இதயம் அடித்த சத்தத்தில் தகரத்தில் விழுந்த மழைச் சத்தமே அவருக்குக் கேட்கவில்லை.

துரை மூக்கை உறிஞ்சினார். இன்னும் கிட்டே வந்து உறிஞ்சினார்.

"இது என்ன வாசனை?"

"சேர்..."

"தேயிலை!" என்றார் துரை. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவருக்குப் பச்சைக் கொழுந்தின் வாசனையும் கொதித்த சாயத்தின் வாசனையும் ஒன்றுதான். "பாருங்க, ஒரு மனுசன் உடம்பிலேயே தேயிலை மணக்குது. இதுதான் உழைப்பு. வெரி குட்!"

கஜேந்திரன் அடக்கமாகத் தலையைக் குனிந்தார். தனுஜா பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகிற காட்சி கண்முன்னால் வந்தது.

"மிஸ்டர் திலக்ஷன்."

திலக்ஷன் முன்னால் வந்தான். இருபத்தாறு வயதுப் பையன். மழைக்கோட்டைக் கழற்றினான். முகம் வெளிறிப்போய், விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது.

"உங்க மூஞ்சி என்ன இப்படி வெள்ளையா இருக்கு? எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

"மலையிலதான் சேர் இருந்தேன்."

"கதை வேணாம். நாளைக்கு மேல்கணக்குக்குப் போங்க. மிஸ்டர் கஜேந்திரன் இங்கேயே இருக்கட்டும்."

திலக்ஷன் மழைக்கோட்டை மடித்தான். கஜேந்திரனுக்கு உள்ளே ஏதோ குத்தியது. கல்யாணம் ஆகாத பையன்தானே, சமாளித்துக்கொள்வான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

துரை ஜீப்பை நோக்கித் திரும்பினார். அப்போதுதான் அம்மாக்கண்ணு பிளாஸ்டிக் சீட்டை விலக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"கண்டாக்கையாகிட்ட ஒண்ணு கேக்கணுங்க தொரை."

"கேளு."

அவள் கஜேந்திரனை மரியாதையாகப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நாப்பது நாளா நாங்களும் அதே மலையிலதான் நனைஞ்சுகிட்டு நிக்கிறோம். ஒங்களுக்கு மட்டும் வெயில் அடிச்ச எடத்தைக் கொஞ்சம் காட்டிவிட்டீங்கன்னா, பிள்ளைங்க ஸ்கூல் சட்டைய கொண்டுபோய் அங்கன காயப்போட்டுருவோம்."