படியேறும் முன் குரல் கொடுத்த சுவிஸ் ஆமி

தன் சொந்த வீட்டுக்குப் போவதற்கே அறிவித்தல் கொடுத்துவிட்டுப் போன ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் சுவிஸ் ஆமிதான்.

சுவிஸில் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தான். கீழ்க்கதவைத் திறந்ததும் அங்கேயே நின்று, "நான்தான்! சுவிஸ் ஆமி! ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ!" என்று கத்துவான். பிறகுதான் முதற் படியில் கால் வைப்பான்.

காரணம் இருந்தது. இங்கேயே பிறந்து மின்வேலை பழகிய யாழ்ப்பாணத்துப் பிள்ளை அவன். கட்டாய இராணுவப் பயிற்சிக்குப் போய், முதல் லீவில் சீருடையும் தோளில் துவக்குமாக வீட்டுக்கு வந்தான். இந்த நாட்டில் அது சாதாரணம், ரயிலில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் ஆமிக்காரரின் அந்தச் சப்பாத்துச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவர்கள். படியில் டக், டக் என்று கேட்டதும் முதல் மாடி மணியக்கா குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். இரண்டாம் மாடியில் நான் கறியை அடுப்பில் விட்டுவிட்டு அலுமாரிக்குப் பின்னால் நின்றேன். கறி கரியானது. அன்றிலிருந்துதான் இந்தப் பட்டப்பெயரும் இந்த அறிவித்தலும்.

மற்றப் பிள்ளைகள் ஆமியிலிருந்து எப்படித் தப்பலாம் என்று டொக்டரிடம் ஓடுவார்கள். இவனோ தானாகக் கையை உயர்த்தி, மேலதிகமாகச் சேவை செய்து சார்ஜன்ட் ஆனான். தகப்பன் இல்லை. தாய் கனடாவில் மகளோடு போய் இருந்துவிட்டார். அத்தனை பெரிய வீட்டில் இவன் தனி ஆள்.

"உனக்கென்ன விசரே? பயிற்சி முடிஞ்சுதெண்டு விடாமல் ஏன் திரும்பவும் போறாய்?" என்று கேட்டேன்.

"அங்க சாப்பிடேக்க பக்கத்தில ஆக்கள் இருப்பினம், அன்ரி."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

சார்ஜன்ட் ஆனவர்கள் வெளியே தொழிற்சான்றிதழ் ஏதாவது படித்தால் இராணுவமே செலவைக் கொடுக்குமாம். மணியக்கா நம்பவேயில்லை. "ஆமி படிக்கக் காசு குடுக்குதோ? எங்கட ஊரில பள்ளிக்கூடத்துக்குள்ளயெல்லோ காம்ப் அடிச்சவங்கள்!"

இவன் எடுத்தது தீப் பாதுகாப்பு நிபுணர் படிப்பு. அவனுக்கு வகுப்புத் தொடங்கியது, எங்களுக்குச் சனி பிடித்தது.

தமிழர் வீட்டு வாசலென்றால் வெளியே செருப்புக் குவிந்துதானே கிடக்கும்? ஒவ்வொரு மணியாக அடித்து எல்லாவற்றையும் உள்ளே எடுக்கச் சொன்னான். "அன்ரி, படிக்கட்டு தப்பி ஓடுற வழி. மறிக்கக் கூடாது."

"தம்பி, தப்பி ஓடுறதைப் பற்றி நீ எங்களுக்குப் படிப்பிக்கிறியோ?" என்றேன். ஆனாலும் எடுத்து வைத்தேன். விட்டால்தானே!

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லாங்கன்தால் என்ற ஊரில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. சோடித்த மேடையை அவசரக் கதவை மறைத்துப் போட்டிருந்தார்கள். சரியாக ஆராத்தி எடுக்கும் நேரம் இவன் எழுந்து போய், "இந்த மேடையைத் தள்ளாட்டி, நெருப்புப் பிடிச்சா ஒருத்தரும் தப்பேலாது" என்றான். தாய்மாமன் சாமியாடினார். "நல்ல காரியத்தில சாவைப் பற்றிக் கதைக்கிறான், ஆரடா இவனைக் கூப்பிட்டது?" இவன் பிள்ளையோடு சேர்த்து மேடையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டான். வீடியோக்காரர் மட்டும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒரு வீட்டு விசேஷத்துக்கும் அவனுக்கு அழைப்பு இல்லை.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே?" என்று கேட்டேன்.

"கதவு மறைஞ்சிருந்தது, அன்ரி. நிறையச் சின்னப் பிள்ளையள் நிண்டவை."

சோதனை பாஸானதும் என் வாசலுக்கு வந்தான். சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்கு இரண்டு பேரைக் கூட்டிவரலாமாம். தாயால் பயணம் செய்ய முடியாதாம். கட்டடம் முழுக்க ஏறி இறங்கிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. செருப்புக் கோபம் ஒருவருக்கும் ஆறவில்லை. மணியக்கா, "ஆமிக் காசில நடக்கிற விழாவுக்கு நான் வரமாட்டன்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

"நான் வாறன்" என்றேன்.

"அப்ப ஒராள் இருக்கிறியள்" என்றான்.

மண்டபத்தில் முதலில் கதவுகளைச் சரிபார்த்து, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் என்னை இருத்தினான். பக்கத்துக் கதிரையில் தன் குளிர் ஜாக்கெட்டைப் போட்டான், யாரோ வரப்போகிற மாதிரி. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு குடும்பம் ஆரவாரித்தது. இவன் பெயரைக் கூப்பிட்டபோது மண்டபம் மரியாதைக்குக் கை தட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. பட்டுச் சீலையோடு எழுந்து நின்று, "அது எங்கட சுவிஸ் ஆமி! ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ!" என்று தமிழில் கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேடையில் நின்றவன் சிரித்தான், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான்.

அந்தச் சான்றிதழால் தூரத்தில் நல்ல வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த நாளே எல்லார் வாசலிலும் செருப்புகள் திரும்பிவந்தன. என்னுடையவை மட்டும் இன்னும் உள்ளேதான்.

கீழ்க்கதவு திறந்தால் மணியக்கா கூட எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கதவை மூடுகிறார். சப்பாத்துச் சத்தத்துக்குப் பயந்து நாட்டையே விட்டு வந்தவள் நான். இப்போது அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, அந்தச் சத்தம் படியில் கேட்காதா என்று காத்துக்கொண்டு நிற்கிறேன்.