ஒன்பது திருகாணி வேண்டுதல்

பம்ப் ஸ்டவ் அணைந்து அணைந்து எரிந்தது. அவ்வளவுதான் விஷயம். வசந்தா ஒரு ஸ்டவ் பின் வாங்கிவரச் சொன்னாள். அவள் புருஷன் உத்தமன் ஸ்டவ்வையே கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அம்பத்தூரில் சைக்கிள் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் லேத் ஓட்டுகிறவன். அங்கே கதவடைப்பு; இது மூன்றாவது மாதம். வீட்டில் ஒருவேளைதான் சோறு. கம்பெனி திறந்தால் பச்சையம்மனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தான். அதுவரை கை சும்மா இருக்க வேண்டுமே!

ஸ்டவ்வின் சூட்சுமம் எளிது. பம்ப் அடித்தால் காற்று உள்ளே போய் மண்ணெண்ணெயை மேலே தள்ளும். சூட்டில் அது ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே சீறி எரியும். துளையில் கரி அடைத்தால் குத்திவிட வேண்டும். ஆனால் லேத்காரன் கண்ணுக்கு அந்தத் துளை ரொம்பச் சின்னதாகப் பட்டது. கொஞ்சம் பெரிதாக்கினான். அன்று சோறு சீக்கிரம் வெந்தது. கூரையில் நாலு ஓலையும் வெந்தது.

“பூட்டினப்புறம் ரெண்டு திருகாணி மிச்சம் கீது பாரு,” என்றான். “தேவையில்லாம போட்டுக்கீறான்.”

வசந்தா அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டாள்.

கூரையைப் பார்க்க வந்த எதிர்வீட்டு நாகம்மாள், தன் வீட்டுச் சுவர்க்கடிகாரம் மெதுவாக ஓடுவதை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பெண்டுலத்தின் குண்டை அரை நூல் அளவு மேலே ஏற்றினால் போதும், வேகம் கூடிவிடும். உத்தமன் ஏற்றினான். எதற்கும் இருக்கட்டுமென்று உள்ளேயும் பார்த்தான். மறுநாள் காலை அது முப்பத்தேழு மணி அடித்துவிட்டு மூச்சு வாங்கியது. டப்பாவுக்கு இன்னும் மூன்று.

அந்தச் சத்தம் காதில் விழாமலிருக்கப் பக்கத்து வீட்டுக் கஜபதி ரேடியோவைப் பெரிதாக வைத்தான். அது கரகரத்தது. கரகரப்பைக் கேட்டதும் உத்தமன் சுவரேறி வந்துவிட்டான். அதன்பிறகு எந்த ஸ்டேஷன் திருப்பினாலும் மீன் பொரிக்கிற சத்தம்தான். இன்னும் நாலு.

ஆடி கடைசியில் தபால் வந்தது. கம்பெனி திறக்கிறது, திங்கட்கிழமை வேலைக்கு வரவும். வசந்தா கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயில் பச்சையம்மன் கோயிலுக்குப் போனால், அங்கே நாகம்மாள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். கஜபதி மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நின்றான்.

“இன்னா கஜபதி இது?”

“உனுக்கு வேலை வரணும்னு வேண்டிகினேன் அண்ணாத்தே. நாகம்மாக்காவுந்தான்.”

உத்தமன் கஜபதியை இறுகக் கட்டிக்கொண்டான். அடுத்த வீட்டான் பிழைப்புக்காகத் தலைமுடியைக் கொடுக்கிற மனுஷன் யாருக்கு வாய்ப்பான்? “தாயே, எப்பேர்ப்பட்ட ஜனங்களைக் குடுத்தே,” என்று சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

பின்னால், வசந்தா பிஸ்கட் டப்பாவை உண்டியலில் கவிழ்க்கும் சத்தம் கலகலவென்று கேட்டது. பட்டினியிலும் அம்மனுக்குச் சில்லறை சேர்த்திருக்கிறாளே என்று இன்னும் உருகினான்.

மொட்டைக்கு உட்கார்ந்தபோது மனம் நிறைந்து வழிந்தது.

“கஜபதி, நீ செஞ்சதுக்கு நானும் எதுனா செய்யணும். கம்பெனி நாலு மணிக்கே உட்டுடுவான். தெனம் சாய்ங்காலம் நேரா உன் ஊடுதான். ரேடியோவ ஒரு கை பாத்துடறேன். அப்பால நாகம்மாக்கா கடியாரம்.”

கஜபதி கையிலிருந்த கற்பூரம் கீழே விழுந்தது.

உத்தமன் தலையை நனைத்துக்கொண்டிருந்த நாவிதர் கஜபதியை நிமிர்ந்து பார்த்து, அமைதியாகச் சொன்னார்:

“மீசை மிச்சம் கீதே நைனா. இவருக்கு ஓவர்டைமும் குடுக்கணும்னு வேண்டிக்கோ.”