பட்டினி சேரும் முதல் தேத்தண்ணியும்

தேயிலைத் தோட்டத்துக்கே வந்து, "தேத்தண்ணி குடிக்காதீங்க" என்று சொல்லத் துணிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பட்டினி சேர்.

சேர் உயிர் இரசாயன ஆராய்ச்சியாளர். பதுளையில் அறை எடுத்துத் தங்கி, மடுல்சீமை பஸ்ஸில் எங்கள் தோட்டத்துக்கு வருவார். திரும்பும்போது மடியில் இரத்தக் குப்பிகள் நிறைந்த ஐஸ் பெட்டி இருக்கும். "பெட்டில மீனா சேர்?" என்று கண்டக்டர் கேட்டால் மூடியைத் திறந்தே காட்டிவிடுவார். அப்புறம் பக்கத்து சீட் பதுளை வரைக்கும் காலி.

நம் உடம்பின் கலங்களுக்குள் மைட்டோகொண்ட்ரியா என்று கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று இருக்கிறதாம். சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுவது அதன் வேலை. அது தொழிற்சங்கம் இல்லாமலே வேலைநிறுத்தம் செய்யுமாம். இதைச் சொல்லும்போது சேர் அந்தக் கூட்டத்தின் பக்கம்தான் பேசுவார்.

நான் அப்போது கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பத்து மணியானால் கை ஓய்ந்துவிடும், இமை தானாக விழும். "என்னா, மறுபடியும் குந்திட்டியா?" என்று கங்காணி கத்துவார். கொழுந்து குறைந்த நாளில் அரைநாள் சம்பளம்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மலை முழுக்க என்னைச் சோம்பேறி என்று கூப்பிட்டதுதான் தாங்கவில்லை.

"இது சோம்பல் இல்லம்மா. நோய். நிரூபிச்சுக் காட்டுறேன்" என்றார் சேர். அதற்கு என் இரத்தமும் அம்மாவின் இரத்தமும், ஒப்பிட்டுப் பார்க்க மற்றவர்களின் இரத்தமும் வெறும் வயிற்றில் வேண்டும். அந்தக் கூட்டம் தாய்வழியாகத்தான் வருமாம்.

முதல் நாள் எங்களோடு லயத்தின் அத்தனை வீட்டுக்காரர்களும் வரிசையில் நின்றார்கள்.

"யாரும் சாப்பிடலயே?"

"ஒண்ணுமே சாப்பிடலீங்க சேர்" என்றாள் அம்மா. "தேத்தண்ணி மட்டுந்தான்."

சேர் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தேத்தண்ணிக்கும் தடை போட்டார். அம்மா பெருமையாக வந்து நின்றாள். "தேத்தண்ணி தொடலீங்க. சீனிய நக்கிட்டு சுடுதண்ணி குடிச்சேன்."

மூன்றாம் முறை விடியும்போதே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அம்மா வழக்கம்போல முதல் கோப்பையை அவரிடம் நீட்டினாள். சேர் கையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு நானும் பட்டினி. நான் குடிச்சப்புறம் நீங்க குடிங்க."

வந்தவர் குடிக்காமல் வீட்டுக்காரி எப்படிக் குடிப்பாள்? இரண்டு வாரம் தோற்ற விஞ்ஞானம் அன்றைக்கு ஜெயித்தது. லயம் முழுக்க இரத்தம் எடுத்து முடித்ததும் தடாலென்று சேர்தான் மயங்கி விழுந்தார். அம்மா அவர் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, "நக்குங்க சேர், நக்குங்க!" என்று அதட்டினாள். ஆராய்ச்சியாளர் கீழ்ப்படிந்தார்.

சில மாதம் கழித்து, காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும் நேரத்தில் சேர் டாக்டரின் கடிதத்தோடு வந்து நின்றார். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார். எனக்கு இருப்பது மைட்டோகொண்ட்ரியா கோளாறு. இலேசான வேலைதான் கொடுக்க வேண்டும்.

கங்காணி தலையைச் சொறிந்தார். "அப்ப நான் சோம்பேறின்னு சொன்னதுங்க?"

"அத வாபஸ் வாங்குங்க. சத்தமா."

வாங்கினார். நான் அழுதேன்.

இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். சேர் வேறு மலைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் இன்றைக்கும் விடியற்காலையில் முதல் தேத்தண்ணியை வாய்வரை கொண்டுபோய் நிறுத்துகிறாள்.

"சேர் குடிச்சிருப்பாரா?"

"குடிச்சிருப்பாரும்மா, குடி" என்று நான் சொன்ன பிறகுதான் குடிக்கிறாள். அவள் குடித்த பிறகுதான் நானும் குடிக்கிறேன்.